வீடு தேடி வந்து சொல்கிறவர்

"நாளைக்கு நீ ஆடல," என்றார் ராசாத்தி அக்கா. இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சரிங்கக்கா," என்றேன்.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"ஏங்கக்கா?"

"கார்னர் பந்து வந்தா நீ கோல் கோட்டை விட்டு நகர மாட்டேங்குற. நாளைக்கு வர்ற பொண்ணுங்க எல்லாம் பனைமர உயரம். கோல்ல லிசி நிக்கட்டும்."

அம்மா உள்ளேயிருந்து வந்தார். "இதைச் சொல்லவா திருவெறும்பூர்லேர்ந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாமே."

"போன்ல சொன்னா சரின்னு சொல்லி வச்சிடுவாங்க."

"நேர்ல சொன்னாலும் இவ அதைத்தானங்க சொன்னா."

அக்கா சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு உன் ஆட்டத்தைப் பாக்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார்.

"அப்பா வர்றதா இருந்தார்."

"அப்ப அவர்கிட்டயும் நானே சொல்லிடுறேன்."

அப்பா கடையிலிருந்து வரும்வரை அக்கா காத்திருந்தார். அவரிடமும் சொல்லிவிட்டு, அம்மா வார்த்த தோசையைச் சாப்பிட்டுவிட்டுச் சத்திரம் பஸ் நிலையம் போகும் பஸ்ஸைப் பிடித்தார். பள்ளியிலும் கல்லூரியிலும் என்னை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அதன் காரணத்தைச் சொல்ல வீடு தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

ராசாத்தி அக்கா எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் மேனேஜர். அவருடைய அப்பா வெல்டர். பள்ளி முடித்ததும் சென்னைக்கு ஆடப் போன அக்கா, கொல்கத்தா, இம்பால், கோவா, கோழிக்கோடு, மாலத்தீவு என்று சுற்றினார். எங்கும் ஒரு சீசனுக்குத்தான் ஒப்பந்தம் என்பதால் பெட்டியை முழுதாகப் பிரித்ததே இல்லை. மாலத்தீவில் தீவு விட்டுத் தீவு படகில் போய், வாந்தி நின்ற கையோடு ஆடியிருக்கிறார். இம்பாலில் அவரைத் தங்கவைத்த வீட்டம்மா இன்றும் போன் செய்கிறார். இருவருக்கும் இந்தி கொஞ்சம்தான் வரும். பேச்சைவிடச் சிரிப்புச் சத்தமே அதிகம் கேட்கும்.

போன ஊர்களில் ஒன்றில், மகள் ஆடுவதை முதல்முறையாகப் பார்க்க அவருடைய அப்பா முறுக்குப் பையோடு ரயிலேறி வந்திருந்தார். உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் ஜெர்சி கொடுத்தார்கள். அக்காவுக்குக் கொடுக்கவில்லை. தான் ஆடப்போவதில்லை என்பது அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. கேலரியில் இருந்த அப்பாவுக்கு அதுவும் தெரியாது. மகள் இப்போது இறங்குவாள், இப்போது இறங்குவாள் என்று கடைசிவரை மைதானத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

முழங்கால் போன பிறகு ஊர் திரும்பி மேனேஜரானவர், ஆட்டத்துக்கு முந்தின மாலை, ஆடாதவர்கள் வீட்டுக்குத் தானே போய்ச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டார். அவர் தெருமுனையில் தெரிந்தாலே "நான் இல்லைன்னு சொல்லும்மா" என்று பெண்கள் உள்ளே ஓடுவார்கள்.

சென்ற ஆண்டின் கடைசி ஆட்டத்தில் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பணம் போடும் முதலாளி சொல்லியிருந்தார். சமன் செய்தாலும் போதும். அணி இல்லாவிட்டால் அக்கா மறுபடி பெட்டியைத் தூக்க வேண்டும். கேரளத்தில் ஓர் இடம் தயாராகவே இருந்தது. ஆனால் அவருடைய அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. இனி ஊரைவிட்டுப் போக அக்காவுக்கு மனமில்லை.

ஞாயிறு காலை எல்லோரும் மைதானத்தில் கூடிவிட்டோம். பிரான்சி மட்டும் வரவில்லை. கோல் போட எங்களுக்கு இருந்தது அவள்தான். அக்கா போன் செய்தார்.

"எங்கடி இருக்க?"

"வீட்லதாங்கக்கா." அழுதழுது குரல் அடைத்திருந்தது. "நீங்கதான் நேத்து வந்தீங்களாமே. நான் ஆடலைன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"அடிப்பாவி, உங்கம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சேன்னு பழம் குடுக்க வந்தேன்டி. தம்பி கையில குடுத்துட்டு வந்தேனே."

"அக்கா வந்துட்டுப் போனாங்கன்னுதான் சொன்னான். பழத்தைப் பத்தி அவன் வாயே திறக்கலக்கா."

தென்னூரிலிருந்து ஆட்டோ பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது இடைவேளை. நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். வீங்கிய கண்ணோடு இறங்கிய பிரான்சி கோல் எதுவும் போடவில்லை. ஆனால் எதிரணியில் இருவர் அவளையே ஒட்டிக்கொண்டு ஓட, காலியாக இருந்த இடத்தில் எங்கள் தேவதர்ஷினி பந்தை உள்ளே தள்ளினாள். ஒன்றுக்கு ஒன்று. அணி பிழைத்தது. அக்காவின் பெட்டி பரணுக்குப் போனது.

அன்றும் நான் பெஞ்சில்தான் இருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பால்பண்ணை நிறுத்தம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"வேணாம்னு சொல்லத் தனியாத்தான் போவேன்னு எல்லாருக்கும் தெரியும். இனிமே பழம் குடுக்க, நலம் விசாரிக்கப் போறப்ப மட்டும் நீயும் என்கூட வரியா? ரெண்டு பேராப் பாத்தா பயப்பட மாட்டாங்க."