கட்டைச் செருப்புச் சத்தமும் நான் சொன்ன சொல்லும்

ரங்கூனில் ஏரிப்பக்கம் கல்லூரி எழும்பிய வருஷங்களில், பேய் இல்லாத கட்டடம் என்று அங்கே ஒன்றுகூடக் கிடையாது. சுண்ணாம்பு காயுமுன்பே பேய் குடிவந்துவிடும். பர்மாக்காரர்கள் 'நாட்' என்று கும்பிடும் தேவதை குடியிருந்த மரத்தை வெட்டியவனுக்குக் கை விழுந்துவிட்டது என்பார்கள். ஏரியில் மூழ்கியவள் ஒருத்தி பொழுது சாயும் நேரத்தில் கரையில் கூந்தல் உலர்த்துகிறாள் என்பார்கள். பையன்கள் பேசுவதையெல்லாம் விடுதி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வாசல் காவலும் மணியடிப்பதும் என் வேலை. வாசலை ஒட்டிய ஒற்றை அறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். முருகன் படத்துக்கு விளக்கு வைத்து நெற்றி நிறைய விபூதி பூசுகிறவனுக்கு என்ன பயம் என்று இருந்தேன்.

மாடியில் கடைசி அறையிலிருந்த பர்மியப் பையன் ஒருவன் என்னிடம் ஒட்டுதலாக இருந்தான். ஆற்றில் இரண்டு நாள் கப்பலில் போகவேண்டிய ஊர்க்காரன். கட்டைச் செருப்புப் போட்டு நடப்பான். ஒரு செருப்பின் வார் தளர்ந்துபோய், ஒரு கால் 'டக்' என்றும் மறு கால் 'சரக்' என்றும் கேட்கும்.

"வாரைத் தைச்சுப் போடேன் தம்பி."

"தைச்சுட்டா நான்தான் வர்றேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரிப்பான்.

அவன் வெளியே கிளம்பும்போதெல்லாம் நான் "போயிட்டு வா தம்பி" என்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டான். சொன்னேன். "வெறும் 'போ'ன்னு சொன்னா என்ன?" என்றான். "எங்க வீட்டு வாசல்ல அந்தச் சொல்லு கிடையாதுப்பா" என்றேன். அன்றிலிருந்து அவனும் தமிழிலேயே, "அண்ணே, போயிட்டு வயேன்" என்பான். ரகரம் அவன் நாக்கில் ஏறாது. திரும்பியதும் என் முக்காலி முன்னால் நின்று, "சொன்னபடி வந்தாச்சு" என்பான்.

அந்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் இறந்துபோனான். ஊரிலிருந்து ஆள் வந்து சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மாடிப்படியில் சத்தம் கேட்கத் தொடங்கியது. டக், சரக். பையன்கள் ஒரு கட்டிலில் மூன்று பேராகப் படுத்தார்கள். கடைசி அறைக்கு இந்தப்பக்கம் நாலு அறைகள் காலியாகிவிட்டன. "கிழவா, உன் சிநேகிதன் வந்திருக்கான், போய்ப் பாரு" என்று என்னைச் சீண்டியவர்களே தனியாக மாடியேற மாட்டார்கள். நான் ஏறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு ஜோடி அசையாமல் கிடந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

பிறகு அவன் தாயார் வந்தார். மெலிந்த அம்மாள், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிமூட்டை. மகன் ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, "வாசல் திறக்கல அமே" என்று சொல்வதாகக் கனவு கண்டாராம். அமே என்றால் அவர்கள் பேச்சில் அம்மா. மகனை ஊருக்கு அழைத்துப்போகத்தான் வந்திருந்தார்.

இதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடத்துக்குக் கட்டுப்பட்டு இருந்தவன் விடுபடாமலே இறந்துவிட்டால், அவனுக்கு அதிகாரியாக இருந்தவர் விடுதலைச் சீட்டு எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் உயிர் அவ்விடத்தை விட்டு நகராது. விடுதித் தலைவர் சீமைக்குப் போய்ப் படித்தவர். சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டு, சீட்டு எழுதி, முத்திரையும் குத்தி, அந்த அறைவாசலில் நின்று உரக்கப் படித்தார்: "இந்த அறை மாணவன் இன்றோடு விடுவிக்கப்படுகிறான். தாயாருடன் ஊருக்குப் போகலாம். வாசலில் தடையில்லை."

அம்மாள் செருப்பை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் வருவதுபோலப் பேசிக்கொண்டே படி இறங்கினார். "பாத்து இறங்கு. கடைசிப் படி உசரமா இருக்கு."

நான் வாசல் கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டு நின்றேன். அவர் தாண்டும்போது என் உடம்பெல்லாம் புல்லரித்தது. கைகூப்பினேன். என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "போயிட்டு வா தம்பி."

அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. தலையசைத்துவிட்டுப் போனார். நானும் அப்போது அதை உணரவில்லை.

அன்று விளக்கேற்றும் நேரத்துக்கு மணியடிக்கக் கை தூக்கினேன். மாடிப்படியில் டக், சரக். செருப்பு இங்கே இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. அது இறங்கி வந்து என் முக்காலிக்கு முன்னால் நின்றது. சொன்னபடி வந்தாச்சு. மணிக்கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

மனைவியிடம் சொன்னேன். அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "செத்தவனை வழியனுப்புற இடத்துல யாராவது வாயைத் திறப்பாங்களா? வான்னா சொன்னீங்க?"

"பழக்கத்துல வந்துடுச்சு."

"அவனும் பழக்கத்துல வந்துட்டான். பெத்தவ வெறுங்கையோட கப்பல் ஏறப் போறா. காலையில மொத வேலையா அவங்களைப் போய்ப் பாருங்க."

கப்பல் போட்டாதாங் துறையிலிருந்து எட்டு மணிக்கு. விடிந்ததும் டிராம் பிடித்தேன். துறைமுகக் கூலிகள் பிதுங்கி வழிந்தார்கள். என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை.

துறையில் எல்லோரும் ஏறிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் மட்டும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செருப்பு ஜோடி. நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "ராத்திரி அவன் எங்கூட இல்ல. செருப்பு மட்டுந்தான் இருந்துது. அவன் இல்லாம நான் எப்படி ஏறுவேன்?"

மண்டியிட்டு, எனக்குத் தெரிந்த பர்மியப் பேச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வழக்கத்தையும், அவன் அதைக் கற்றுக்கொண்டதையும், நேற்று வாசலில் நான் சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று தலைகுனிந்திருந்தேன்.

"சின்ன வயசுலேருந்தே சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை" என்றார். அந்த முகத்தில் பெருமைதான் தெரிந்தது. "நீங்க வரச் சொன்னீங்க, வந்துட்டான். நீங்களே போகச் சொல்லுங்க."

"அவன் விடுதியிலதானே இருக்கான், அமே?"

"இங்க வர்ற வழி அவனுக்குத் தெரியாது. உங்க கூடத்தான் வந்திருப்பான்."

டிராமில் காலியாக வந்த இடம் நினைவுக்கு வந்தது. முருகா என்றேன். நாலாம் வகுப்பு படித்த வாசல்காரன் நான். என் ஒரு சொல்லுக்கு ஓர் உயிர் கட்டுப்பட்டு நிற்கிறதென்றால், அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தவன் எத்தனை பெரியவன்! மடியிலிருந்த விபூதியை எடுத்து அந்த இரண்டு செருப்பிலும் வைத்தேன். அம்மாள் தடுக்கவில்லை.

பிறகு சொல்ல முயன்றேன். நாக்கு எழும்பவில்லை. கடன்காரனைக்கூட, சண்டைக்காரனைக்கூட அப்படிச் சொல்லி அனுப்பியதில்லை நான். கப்பல் சங்கு ஊதியது. அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ, தம்பி" என்றேன். "திரும்பிப் பாக்காம அம்மாகூடப் போ."

அம்மாள் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு பாயைச் சுருட்டி, மூட்டையைத் தலையில் வைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுபலகையில் கால் வைத்தார். நடுவில் நடக்கவில்லை. இன்னொருவர் வர இடம் விட்டு ஓரமாகவே ஏறினார்.

எதிரே மூட்டை சுமந்து இறங்கிய கூலியாள் ஒருவன் அவருக்காக ஒதுங்கி நின்றான். அவர் கடந்து மேலே போய்விட்டார். அவன் உடனே இறங்கவில்லை. முதுகுச் சுமையோடு, இன்னும் ஓர் ஆள் கடக்கிற அளவு நேரம் ஒதுங்கியே நின்றுவிட்டு, அப்புறம்தான் இறங்கி வந்தான்.

யாருக்காக நின்றாய் என்று நான் அவனைக் கேட்கவில்லை.