நான் திருத்திய இயற்பியல் தாள்கள்

அக்கா மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்த கோடையில் அவளுடைய பயிற்சித் தாள்களைத் திருத்தியவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பை முடித்திருந்தேன். இயற்பியல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் அ, ஆ, இ, ஈ தெரியும். ஐம்பது வரை பிழையில்லாமல் எண்ணத் தெரியும். கோணாமல் டிக் போடத் தெரியும். அந்த வேலைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

எல்லாம் டியூஷன் சார் வைத்திருந்த முறையால் வந்தது. நாகர்கோவிலில் தன் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் அவர் பாடம் நடத்தினார். வகுப்பு முடிந்து கிளம்பும்போது இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் ஒவ்வொரு வினாத்தாள் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் ஐம்பது கேள்விகள். கூடவே ‘கீ’ என்கிற விடைக்குறிப்பும் வரும், நான்காக மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து. அதைப் படிக்கிற பிள்ளை தொடக்கூடாது. வீட்டில் வேறொருவர் அதை வைத்திருந்து, நேரம் பார்த்துத் தேர்வு நடத்தி, பிறகு பின்னைக் கழற்றித் திருத்தி, தவறான விடைக்குப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும். அத்தனை பிள்ளைகளின் தாள்களையும் சாரால் திருத்த முடியாது. பட்டியலை மட்டும் பார்ப்பார். எந்தப் பாடத்திலாவது முப்பத்தைந்துக்குக் கீழே போனவர்களுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, அந்தப் பாடத்துக்குத் தனி வகுப்பு உண்டு.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா மணல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வேலை முடிந்து வந்ததும் சபை வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர்தான் எங்கள் திருச்சபையின் செயலர். அம்மாவுக்குப் பொடி எழுத்து கண்ணில் பிடிக்காது. எனவே அப்பா என்னைக் காட்டினார்.

“இவ திருத்தட்டும். இவளுக்க நோட்டப் பாத்தியா, எனக்க ஸ்டோர் ரெஜிஸ்டர விட சுத்தமாக்கும்.”

“நாலாங்கிளாஸ்காரி எனக்கு மார்க்கு போடவா? கொள்ளாம்” என்றாள் அக்கா.

“மெதுவா பேசு மக்கா. அவ இனி உனக்க டீச்சராக்கும்” என்றாள் அம்மா.

நான் அந்தப் பதவியை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டேன். அலாரம் கடிகாரத்தை மேசையில் வைத்து, நேரம் முடிந்ததும் “பேனாவ கீழ வை” என்பேன். “ஒரே ஒரு நிமிசம் டீச்சர்” என்று அக்கா கெஞ்சினாலும் கொடுக்கமாட்டேன். திருத்திய தாள்களையும் விடைக்குறிப்புகளையும் என் பழைய அலுமினியப் பள்ளிப் பெட்டியில் வார வாரியாக நூல் கட்டி அடுக்கினேன்.

முதல் வாரம் இயற்பியலில் அக்காவுக்கு முப்பத்தெட்டு. இரண்டாம் வாரம் முப்பத்தொன்று. மற்ற இரண்டு பாடங்களிலும் எப்போதும் நாற்பதுக்கு மேல்தான்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் அக்கா, மறுநாள் காலை தனக்குத் தனி வகுப்பு என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் காய்ச்சலைத் தவிர வேறு எதற்காகவும் ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. அக்கா பாடகர் குழுவிலும் இருந்தாள்.

“ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போவாம ஒருத்தி டாக்டரு ஆவாண்டாம்” என்றார் அப்பா.

“ஒரு ஞாயிறுதான? பிள்ள போயிட்டு வரட்டும்” என்றாள் அம்மா.

“செக்ரட்டரிக்க மவள எங்கண்ணு நாலுபேரு கேப்பினும். நான் என்ன சொல்லுவேன், அவ பிசிக்ஸுல மோசமாக்கும்ணு சொல்லவா?”

“சர்ச்சுல இருந்தா பிசிக்ஸ் தானா வந்துருமா?” என்றாள் அக்கா.

மறுநாள் அம்மாவே அக்காவை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் அப்பாவும் மட்டும் ஆலயத்துக்குப் போனோம். பாடகர் குழுவில் அக்காவின் இடம் காலியாக இருந்ததை நான் பாட்டுக்குப் பாட்டு பார்த்தேன். வீட்டுக்கு வந்து அப்பா மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அக்காவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. புதன்கிழமை காலை சைக்கிளை எடுக்கும்போது, அக்கா கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்:

“இனி ஒரு ஞாயிறு போனா டியூஷன் நிப்பாட்டியாச்சு. அவ்வளவுதான்.”

அக்கா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மூன்றாம் வாரத் தாளை வியாழக்கிழமை திருத்தினேன். எண்ணினால் முப்பத்து மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றாவது முறை எண்ணும்போதே எனக்கு யோசனை வந்துவிட்டது. இன்னும் தொடாமல் வைத்திருந்த தவறான விடைகளில் மூன்றுக்கு டிக் போட்டேன். மற்ற டிக்குகளைப் போலவே, அதே சாய்வில். முப்பத்தாறு என்று எழுதி வட்டம் போட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வெள்ளைப் புடவையில் பாடகர் குழுவில் நின்றாள். மத்தியானம் அப்பா இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினார். அந்தச் சாப்பாட்டை நானே சமைத்துப் போட்டதுபோல இருந்தது எனக்கு.

நான்காம் வாரம் அக்கா வாங்கியது முப்பத்திரண்டு. நான் போட்டது முப்பத்தேழு. ஐந்தாம் வாரம் முப்பதை முப்பத்தெட்டாக்கினேன். முப்பத்தைந்து போதும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மதிப்பெண் ஏறுவது வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அப்பா கையெழுத்துப் போடும்போது முந்தின வாரத்து எண்ணையும் பார்க்க ஆரம்பித்திருந்தார். அக்காவிடம், “பாத்தியா, சர்ச்சுக்கும் போறே, மார்க்கும் ஏறுது” என்றார். அக்கா சிரித்தாள். ஆறாம் வாரம், கடைசித் தாள், முப்பத்தொன்றை நாற்பது ஆக்கினேன்.

நான்கு தாள்கள், இருபத்தைந்து கேள்விகள். அவற்றில் ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்ல முடியும். ஒரு லென்ஸின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பம் எப்படி இருக்கும் என்பது கேள்வி. பாதி பிம்பம்தான் விழும் என்று அக்கா எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் வேறு எழுத்து இருந்தது. நான் டிக் போட்டுக் கொடுத்தேன். அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏட்டி, இருவத்திரண்டாவது சரியா? நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன். சரிதான்.”

“முழு பிம்பமும் விழும், ஆனா மங்கலா இருக்கும்ணு எனக்குப் பின்னால தோணிச்சு. அப்போ அதுதான் தப்பு.” அவள் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அதில் வரைந்திருந்த படத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள்.

அந்த வாரத்திலிருந்து இயற்பியல் புத்தகம் மேசையிலிருந்து அலமாரிக்குப் போயிற்று. அது தேறிவிட்டது, உயிரியலில்தான் இன்னும் நான்கைந்து ஏற்ற வேண்டும் என்று அக்கா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்வு முடிந்து வந்த அன்று வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி டீச்சரே, லென்ஸ் கேள்வி வந்துச்சு! நம்ம தாள்ல உள்ளது அப்படியே. கண்ண மூடிட்டு எழுதினேன்.” நானும் அவளோடு சேர்ந்து குதித்தேன். இதைப் பொய்யாக எழுதவில்லை. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. நான் சரி என்று சொன்னது ஏதோ ஒரு வழியில் சரியாகியிருக்கும் என்று நம்பினேன்.

முடிவு தபாலில் வந்தது. உயிரியலும் வேதியியலும் அவள் நினைத்தபடியே இருந்தன. இயற்பியல் மிகவும் கீழே இருந்தது. மருத்துவக் கல்லூரி இடம் அந்த ஒரு பாடத்தில் போயிற்று.

அப்பா அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு சாரைப் பார்க்கப் போனார். சார் தன் பட்டியலை எடுத்து விரலால் கீழ்நோக்கிப் பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர் அவர்.

“வீட்டுல நாப்பது. ஹால்ல இப்படி. இதுக்கு ஒரு காரணம்தான் நான் இதுவரைக்கும் கண்டிருக்கேன். பின்னைக் கழத்தினா திரும்ப அடிக்கத் தெரியாத பிள்ள உண்டா?” பிறகு அக்காவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “சின்ன வயசு. போட்டும். அடுத்த வருசம் எழுதட்டும் சார். இவளுக்குக் கிட்டும்” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். நான் ஜன்னலோரம். அப்பா டிக்கெட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். வீட்டுக்குள் வந்ததும் கேட்டார்.

“கீயப் பாத்து எழுதினியா?”

“இல்லப்பா.”

“அவசரமா சொல்லாண்டாம். சாயந்திரம் நான் வந்து கேப்பேன். அப்போ உண்மையச் சொல்லு.”

அவர் சபை அலுவலகத்துக்குப் போனார். அவர் சைக்கிள் தெருவைத் திரும்புகிறவரை அக்கா வாசலில் நின்றாள். பிறகு, “ஏட்டி, உனக்க பெட்டிய எடு” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து நூலை அவிழ்த்து, தாளையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை நகர்த்தினாள். முதல் வாரம். இரண்டாம் வாரம். மூன்றாம் வாரத்தில் விரல் நின்றது. அதற்குப் பிறகு மெதுவாகப் பார்த்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறாம் வாரத்தையும் முடித்துவிட்டு, எல்லாவற்றையும் நான் கட்டியிருந்தபடியே கட்டி, பெட்டிக்குள் வைத்து, என்னிடம் நீட்டினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. “போய் விளையாடு” என்றாள். அவ்வளவு பார்த்தும் அவள் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே ஓடினேன்.

சாயந்திரம் அப்பா சட்டையைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“பாத்தேன்ப்பா” என்றாள் அக்கா.

“எத்தன தடவ?”

“நாலு தடவ.”

அம்மா, “எனக்க மக்களே” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சத்தம் போடவில்லை. தரையைப் பார்த்தபடி, “அப்போ அடுத்த வருசமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். களவு செய்து டாக்டரு ஆவாண்டாம்” என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னொரு வருடம் கிடைத்திருக்கும். அந்த வார்த்தை எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் சொல்லவில்லை. நான் சொல்லாததற்குக் காரணம் பயம். அவள் சொல்லாததற்குக் காரணம் என்ன என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவள் விலங்கியல் படித்தாள், ஆசிரியப் பயிற்சி முடித்தாள், இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறாள். நல்ல ஆசிரியை என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் மகள் இப்போது நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். சந்தேகம் வந்தால் பெரியம்மாவுக்குத்தான் போன் செய்கிறாள். போன மாதம் ஒரு மாதிரித் தாளையும் விடைகளையும் என்னிடம் கொண்டுவந்து, “சும்மாத்தான இருக்கீங்க, திருத்தித் தாங்கம்மா” என்றாள். என்னால் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். கண்ணாடியைக் காணவில்லை என்றேன். அது என் மூக்கின்மேல்தான் இருந்தது.

அன்று சாயந்திரம் நடந்ததில் ஒன்று மிச்சமிருக்கிறது. வழக்கம்போலக் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தோம். அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். அப்பா சபைக்காகவும், போதகருக்காகவும், நோயில் இருந்தவர்களுக்காகவும் ஜெபித்தார். பிறகு குரல் உடைந்து, தன் மூத்த மகளுக்கு உண்மையுள்ள இருதயத்தைத் தரவேண்டும் என்று மன்றாடினார். எனக்கும் அழுகை வந்தது. அக்காவுக்கு நல்லது செய்ய அந்த நேரத்தில் என்னால் முடிந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. அப்பா முடித்ததும் எல்லோரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்காக ஜெபித்தது அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.