கம்பு என்று எழுதியிருந்த தாள்

தண்ணீர்க் குழாய் போடத் தோண்டிய மண்ணைப் பக்கத்து வீட்டு அண்ணன் என் வாசலில் குவித்திருந்தார். கேட்கப் போன இடத்தில் பேச்சு தடித்து, அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். கல்லில் விழுந்து அவருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. மறுநாள் காலையில் போலீஸ் வந்து என்னைக் கூட்டிப்போனது.

ஸ்டேஷனில் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தால் உட்காரச் சொன்னார்கள். அண்ணனின் கை எப்படி இருக்கிறதோ, எனக்கு எத்தனை வருஷமோ என்று மனம் மாறி மாறி அடித்துக்கொண்டது. போலீஸ்காரர் ஒருவர், கைதுக்கான காரணம் இது என்று மலையாளத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினார். மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஊர் கேரளத்தில் என்றாலும் நான் படித்தது தமிழ்ப் பள்ளியில். சீக்கிரம் முடிந்தால் போதுமென்று கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டேன்.

அதற்குள் என் அக்கா வந்துவிட்டாள். "எலே, என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா ஒனக்கு? வாசிச்சுக் காட்டச் சொல்லு. கேக்க உரிமை உண்டு."

அவர் மறுக்காமல் வாசித்தார். நான் கம்பால் அடித்ததாக இருந்தது.

"கம்பு இல்ல சார், கையாலதான் தள்ளினேன்."

"புகாருல அப்படித்தான் உண்டு. கோர்ட்டுல சொல்லு. இந்தக் கையெழுத்து தாள் கெடச்சதுக்கு மட்டும்தான்."

அன்று மதியமே மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோனார்கள். இலவசச் சட்ட உதவியில் எனக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தார். கம்பு என்றால் அது ஆயுதமாக்கும், ஜாமீனும் கஷ்டம், தண்டனையும் கூடும் என்றார்.

"தள்ளினது நெசம்தான். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு முடிச்சிரட்டா?"

"செய்யாததையும் சேத்தா? நிரூபிக்க வேண்டியது அவங்க. நீங்க வாயே திறக்காண்டாம்."

ஜாமீன் கிடைத்தது. அதன்பிறகு வாய்தா வாய்தாவாக நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு அலைந்தேன். சில நாள் அண்ணனும் அதே பஸ்ஸில் வருவார். முகம் பார்க்க மாட்டார்.

கடைசியில் சாட்சிக் கூண்டில் அவரே சொன்னார்: "கம்பு ஒண்ணும் இல்ல. தள்ளினான், விழுந்தேன். நான் ஆஸ்பத்திரியில கெடக்கும்போ புகார் எழுதிக் குடுத்தது என் மச்சான்."

கையை ஒடிக்கும் எண்ணம் எனக்கு இல்லையென்று கோர்ட் ஏற்றது. தள்ளியதற்கு மட்டும், அன்று கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டுமென்பது தண்டனை. யாருடைய வழக்கோ நடந்துகொண்டிருக்க, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது பஸ் ஸ்டாப்பில் அண்ணன் நின்றார். "மன்னிக்கணும் அண்ணே," என்றேன்.

"இப்பவும் முழுசா மடங்கல்ல, மக்கா," என்று கையை நீட்டிக் காட்டினார்.