குடிக்காதவனின் தள்ளாட்டம்

சங்கிலியம்மாளுக்கு மோப்பம் பிடிப்பது பழகிப் போயிருந்தது. கல்யாணமாகிக் கடமலைக்குண்டிலிருந்து ஓடைப்பட்டிக்கு வந்த நாள் முதலாகப் புருஷன் அம்மாவாசி வாசலில் கால் வைத்ததுமே அவள் மூக்கு வேலையைத் தொடங்கிவிடும். பகலெல்லாம் திராட்சைப் பந்தலுக்கடியில் அண்ணாந்து குலை அறுத்துவிட்டுக் கழுத்து கடுக்க வருபவள், அவன் மூச்சுக்காற்றைப் பார்த்துத்தான் உலை வைப்பதா, பக்கத்து வீட்டுக்கு ஓடுவதா என்று முடிவு செய்வாள். அதுவும் ஒரு பிழைப்பு.

போன வருஷம் அவனுக்கு வயிற்றில் நீர் கோத்து வீங்கியது. ஈரல் சுருங்கிவிட்டது, இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டான். கயிறு கட்டியவன் குடித்தால் சாமி குற்றம். குடித்தே தீருவேன் என்பவன் முதலில் கோயிலுக்குப் போய் அவிழ்த்துவிட்டு வரவேண்டும். அம்மாவாசி அவிழ்க்கப் போகவில்லை. உப்பில்லாத கஞ்சியைத் திட்டிக்கொண்டே குடித்தான். ஊர் நம்பியது. சங்கிலியம்மாள் பாதி நம்பினாள். முழுசாக நம்பி ஏமாற அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றான்.

"தண்ணி பாச்சப் போகணும், மம்பட்டிய எடு" என்றான், நாக்குக் குழற. அவர்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

வாடை எதுவும் அடிக்கவில்லை. ஆனாலும் பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பதுதானே உலகம்! கண்ணில் பட்டதே அவளுக்குப் போதுமென்றிருந்தது. ஆத்திரத்தைவிட அலுப்புதான் முந்திக்கொண்டு வந்தது.

"சாமி கயிறக் கட்டிக்கிட்டே ஊத்திட்டு வந்திருக்கீகளே, நல்லா இருப்பீகளா?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை. காய்ச்சல் இருந்தாலாவது நோவு என்று நினைத்திருப்பாள். குடித்த கையில் கயிறு கிடக்கக் கூடாது என்று குலை அறுக்கும் கத்தரியாலேயே அதை வெட்டி எடுத்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. தெளியட்டும் என்று பாயில் படுக்க வைத்துவிட்டாள்.

காலையில் உலுக்கினாலும் அவன் எழவில்லை. எவ்வளவு குடித்தாலும் விடிந்தால் எழுந்து காபி கேட்கிறவன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

மத்தியானம் டாக்டர் அனுசுயா அவளைக் கூப்பிட்டார்.

"அவர் குடிக்கலைம்மா. ரத்தத்துல சாராயமே இல்ல. வயித்துத் தண்ணியில கிருமி புகுந்திருக்கு. புத்தி தடுமாறுனது அதனாலதான்."

"உடம்பு சுடலையே டாக்டரம்மா?"

"ஈரல் கெட்டவங்களுக்குச் சுடணும்னு இல்ல. ரத்தத்துல வெள்ளணுவும் ஏறாம இருக்கும். கிருமி இருக்கான்னு ரத்தத்துல சிஆர்பின்னு ஒண்ணு பார்ப்போம், அதைச் செய்யறதே ஈரல்தான். கெட்டுப்போன ஈரல் எங்க ஒழுங்கா செய்யும்? இவருக்குப் புரோகால்சிட்டோனின்னு இன்னொண்ணு நல்லா ஏறியிருக்கு. வயித்துத் தண்ணிய எடுத்துப் பார்த்ததும் அதையேதான் சொல்லுது. நேத்தே கூட்டியாந்திருக்கலாம்."

"பொழச்சுக்குவாகளா?"

"மருந்து ஏறுது. பார்ப்போம்."

வராந்தாவில் உட்கார்ந்தவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. இவளுக்கு மோப்பம் பழக்கியது யார்? அத்தனை வருஷமும் குடித்துவிட்டு வந்தவன், குடிக்காத ஒரு நாளில் சாகக் கிடக்கிறான். இதற்கு யாரைத் திட்டுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் கண் தெளிந்தது. மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"ஏ புள்ள, நான் குடிச்சிட்டனா?" என்றான். "ஒண்ணும் ஞாபகம் இல்ல. குடிச்சுத்தான் இருப்பேன்."

"இல்லங்க. நீங்க குடிக்கல. ரத்தத்துலயே பாத்துட்டாக."

"அப்பக் கயிறு?"

"நாந்தான் வெட்டிட்டேன். குடிச்சிருக்கீகன்னு நெனச்சு."

அவன் கயிறு கிடந்த இடத்தை இன்னொரு தடவை தடவினான்.

"நானா இருந்தாலும் வெட்டியிருப்பேன்" என்றான்.

சங்கிலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.