பூப்போட்ட விரிப்பு

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பின், கற்பிட்டிப் பக்கத்து நூலகம் ஒன்றில் அந்த நூலகரைச் சந்தித்தேன். கசங்காத வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. பின்னால், பூப்போட்ட விரிப்பால் மூடிய கணினி. அவர் ஃபோனில் வீடியோ பார்த்து முடிக்கும்வரை அரை மணி நேரம் காத்திருந்தேன். இடையில் இரண்டு தரம் எழுந்து அந்த விரிப்பைத் தூசி தட்டினார்.

என் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்ப அன்று கடைசி நாள்.

"சேர், பத்து நிமிஷம் அந்தக் கொம்பியூட்டரத் தருவீங்களா?"

"பழுதாப் போனா யாரு நானா பதில் சொல்ற? புத்தளத்துக்குப் போங்க, அங்க கடை இருக்குதானே."

எழுந்தேன். தடித்த கொப்பி ஒன்றை நீட்டினார். கணினி பாவித்தவர்களின் பதிவேடு அது. பக்கத்து மேசையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"வந்ததுக்கு ஒரு ஸைன் வெச்சிட்டுப் போங்க. மேலிடத்துல கேப்பாங்க."

பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நானும் வைத்தேன்.

அந்தப் பதிவேட்டைப் பார்த்து, கணினிப் பாவனை அதிகம் என்று அடுத்த வருடம் அங்கே இன்னும் இரண்டு கணினிகள் கொடுத்தார்களாம். போய்ப் பார்த்தேன். மூன்று விரிப்புகள். அந்த ஆளை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தக் கொப்பியில் என் கையெழுத்தும் இருக்கிறதே, வாய்விட்டுத் திட்டத்தான் முடியவில்லை.