வீட்டுக்காரர் காலில் ரப்பர் செருப்பு

காரைக்குடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டில் வீட்டுக்காரர் போட்ட சட்டம் ஒன்றுதான்: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் யாரும் செருப்போடு நடக்கக் கூடாது.

ஒரு வாரமாக ஃப்ரிட்ஜைத் தொட்டால் அம்மாவுக்கு ஷாக் அடித்தது. நேற்று எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து சோதித்தார்.

"அக்கா, இந்த வீட்டுல எர்த் வயரே இல்ல. வயரிங் பூரா மாத்தணும். அதுவரைக்கும் வெறுங்காலோட தொட்டுறாதீக."

தகவல் போனதும் வீட்டுக்காரர் தாமே ஆய்வுக்கு வந்தார். ரப்பர் செருப்பைக் கழற்றாமல் நேராக அடுப்படிக்குப் போய், ஃப்ரிட்ஜைத் தடவிக் கொடுத்தார்.

"எங்க அடிக்குது? தேக்குப் பலகைக்குள்ள ஓடுற வயரு. அந்தக் காலத்து வேலையாக்கும்!"

"அய்யா, செருப்பக் கழட்டிட்டு ஒரு தடவ தொடுங்களேன்" என்றேன்.

"ஏத்தா, பெரியவுகள இப்படியா கேலி பேசுறது?"

அம்மா பணிவாகச் சொன்னார்: "கேலி இல்லங்கய்யா. தரை வீணாப் போகும்னு நீங்கதான சொன்னீக."

அவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். "வயரிங் பத்தி அப்புறம் பேசுவோம்" என்று செருப்போடு கிளம்பிவிட்டார்.

வயரிங் மாறவில்லை. சட்டம் மாறிவிட்டது. அம்மா இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு சமைக்கிறார்.

பழைய வீட்டைச் சோதிக்க டெஸ்டரே வேண்டாம், வீட்டுக்காரரின் காலைப் பார்த்தால் போதும். உங்கள் வீட்டுக்காரர் எப்படி வருகிறார்?