கயிறு கட்டிய ஸ்பேனர்

2012 கோடையில், பரமட்டா ஆற்றில் கட்டியிருந்த என் பழைய படகில் டிவி டிஷ் பூட்ட பிளாக்டவுன் புறநகரிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. வந்ததும் வேலையைத் தொடங்கவில்லை. ஸ்பேனர், சிக்னல் மீட்டர் என்று ஒவ்வொன்றையும் நைலோன் கயிற்றால் தன் மணிக்கட்டோடும் இடுப்போடும் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“தம்பி, இதில தண்ணி இடுப்பளவுதான். விழுந்தா நான் இறங்கி எடுத்துத் தாறன்” என்று சிரித்தேன்.

அவர் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

“நாங்கள் இந்த நாட்டுக்குப் படகில வந்தனாங்கள், அண்ணை. நடுக்கடலில இன்ஜின் நிண்டிட்டுது. உதவி கேக்க ஒரேயொரு சட்டலைட் போன்தான் இருந்தது. அது என்ட கையில. ஈரக் கை, வழுக்கிட்டுது.”

எத்தனை பேர் கரை சேர்ந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி, “படம் வருதோ பாருங்கோ” என்றார்.

படம் தெளிவாக வந்தது.

அவர் போன பிறகுதான் கவனித்தேன். என் ரிமோட்டையும் மேசைக் காலோடு கட்டிவிட்டுப் போயிருந்தார். நான் அதை இன்னும் அவிழ்க்கவில்லை.